திரையில் தெரியாத அயலவன்



தன் அயலவன் யார் என்று சட்டம் படித்த ஒருவன் கேட்டபோது ஆண்டவர் சொன்ன கதை வீட்டிலே நடந்ததன்று, ஆலயத்திலே நடந்ததுமன்று. அது வீதியிலே நடந்த கதை. புனித லூக்கா தமது நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் அதனை எழுதி வைத்திருக்கிறார். எருசலேமிலிருந்து எரிக்கோவுக்கு இறங்கும் வீதி அது. ஏறக்குறைய 27 கிலோமீற்றர் தூரத்துக்குள் ஆயிரம் மீற்றர் அளவுக்குக் கீழே இறங்குகின்ற கரடுமுரடான மலைப்பாதை. அவ்வழியே வந்த குருவும் லேவியனும் கொடியவர்கள் என்று நற்செய்தி எங்கேனும் சொல்லுகிறதா? இல்லை. அவர்கள் போகவேண்டிய இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நாமும் அப்படித்தான் தினந்தோறும் காலையில் வீதிக்கு வருகிறோம். நம்மவர் பலருடைய கார்களில் சாரதிக்கு முன்பாக இரண்டு பொருள்களைக் காணலாம். ஒன்று, பிரயாணிகளின் பாதுகாவலரான புனித கிறிஸ்தோப்பரின் பதக்கம். மற்றது, வழிகாட்டும் சிறு திரை. பெரும்பாலும் அது கைத்தொலைபேசியேதான். பதக்கம் பேசுவதில்லை. திரை பேசுகிறது. "இருநூறு மீற்றரில் இடப்பக்கம் திரும்பவும்" என்கிறது, நாம் திரும்புகிறோம். வேலைக்குப் போகும் வழி நமக்குப் பத்து வருடமாகத் தெரிந்த வழிதான். எனினும் இன்று எந்த வழியில் நெரிசல் குறைவு என்பதை அதனிடம் கேட்காமல் படலையைத் தாண்டுவதில்லை என்னும் நிலைக்குப் பலர் வந்துவிட்டார்கள்.

மறையைப் பேசும் பக்கத்திலே இயந்திரத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் திகதி வெளியிட்ட, இன்றைய உலகில் திருச்சபை என்னும் ஏட்டின் 30ஆம் எண்ணை எடுத்துப் பாருங்கள். தன்னலத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்ட ஒழுக்கம் கிறிஸ்தவனுக்குப் போதாது என்று கூறுகின்ற அவ்விடத்திலே, வாகனம் செலுத்துவது பற்றிய சட்டங்களை அலட்சியம் செய்வோரையும் சங்கத் தந்தையர் பெயர் சுட்டாமல் குறிப்பிடுகிறார்கள். தம் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்குள்ளாக்குவதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதேயில்லை என்பது சங்கத்தின் முறைப்பாடு. உலகத்து ஆயர்கள் எல்லாரும் கூடிய சபைக்குப் பொருத்தமாக இருந்த விடயம் நமது சிறு பத்திரிகைக்குப் பொருந்தாமற் போகுமா?

முதலில் இக்கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்துகொள்வோம். பூமிக்கு மேலே ஏறக்குறைய 20,000 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதிகள் சுற்றுகின்றன. அவற்றில் குறைந்தது நான்கிலிருந்து வரும் சமிக்ஞைகளைக் கொண்டு, தான் பூமியின் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கருவி கணிக்கிறது. இவற்றை அமைத்த அமெரிக்க அரசாங்கம் பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையின் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தது. அந்தக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டு மே மாதம் நீக்கப்பட்டது. அதன் பின்னரே கார்களில் இக்கருவி பெருகலாயிற்று. ஆனால் அக்காலத்துக் கருவிக்குத் தன்னுள் இருந்த வரைபடம் மட்டுமே தெரியும். காலையில் மரம் முறிந்து வீதி அடைபட்டதோ, சந்தியில் லொறி கவிழ்ந்து கிடப்பதோ அதற்குத் தெரியாது.

இந்தக் குறையைத் தீர்க்கவே அதனை இணையத்தோடு தொடுத்தார்கள். 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'டாஷ் எக்ஸ்பிரஸ்' என்றொரு கருவி விற்பனைக்கு வந்தது. அதனை வைத்திருக்கும் ஒவ்வொரு காரும் தான் எந்த வீதியில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை மத்திய கணினிக்கு அறிவித்துக்கொண்டே போகும். அந்தச் செய்தியை வைத்துப் பின்னே வரும் கார்களுக்கு வழி சொல்லப்படும். எண்ணம் அருமையானது, ஆனால் போதிய பேர் வாங்கவில்லை. அறிவிப்போர் சிலராக இருந்தால் அறிவதும் சிறிதுதானே! அந்த வருட முடிவுக்குள்ளேயே கம்பனி கருவி செய்வதை நிறுத்த வேண்டியதாயிற்று. 2009இல் வேறொரு கம்பனி அதனை வாங்கிக்கொண்டது. ஆயினும் எண்ணம் மடியவில்லை. கைத்தொலைபேசி எல்லார் சட்டைப் பைக்குள்ளும் வந்ததும் அதே வேலையை அது செய்யத் தொடங்கிற்று. இஸ்ரவேலில் தொடங்கிய 'வேஸ்' என்னும் சேவையைக் கூகிள் கம்பனி 2013இல் வாங்கியது. இன்று கொழும்பில் காலி வீதி சிவப்பாக இருக்கிறதா பச்சையாக இருக்கிறதா என்று வத்தளையில் இருந்துகொண்டே பார்க்கிறோம். அது ஆயிரம் சாரதிகளின் தொலைபேசிகள் தமக்குத் தெரியாமலே கொடுத்த செய்தி.

இதிலே நன்மை இல்லையென்று சொல்வது அநியாயம். முன்னே போனவன் நெரிசலில் அகப்பட்டுக் கால் மணி நேரத்தை இழக்கிறான். அவன் இழப்பு பின்னே வரும் நூறு பேருக்கு வழி காட்டுகிறது. ஒருவருக்கொருவர் முகம் தெரியாதவர்கள், ஒருவர் பெயரை மற்றவர் அறியாதவர்கள், இப்படி உதவிக்கொள்கிறார்கள். நாம் ஒரே சரீரத்தின் உறுப்புகள் என்று சின்னப்பர் சொன்னதற்கு உலகத்துப் பொருள்களுக்குள் உவமை தேடினால் இதையும் எடுக்கலாம். நோயாளியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைபவருக்கு இக்கருவி செய்யும் உபகாரத்தை யார் மறுப்பார்?

ஆனால், இந்த உதவியிலே நம் மனம் கலந்திருக்கவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. கொடுக்கிறோம் என்று அறியாமலே கொடுக்கிறோம். அறியாமற் கொடுப்பது பிறருக்குப் பயன்படலாம், அது சிநேகமாகாது. இன்னொன்று, கருவியின் கண்ணுக்கு யார் தெரிகிறார்கள் என்பது. 2020ஆம் ஆண்டில் பேர்லின் நகரத்துக் கலைஞர் சிமோன் வெக்கேர்ட் என்பவர், 99 கைத்தொலைபேசிகளைச் சிறு கைவண்டியில் போட்டு வீதி வழியே இழுத்துச் சென்றதை உலகுக்குக் காட்டினார். வீதி வெறிச்சோடிக் கிடந்தது. வரைபடமோ அங்கே பெரும் நெரிசல் என்று சிவப்புக் கோடு போட்டது! சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் அதற்குள் ஒரு பாடம் இருக்கிறது. கருவி மனிதரைக் காண்பதில்லை. நகருகின்ற தொலைபேசிகளையே காண்கிறது. கைவண்டியை அது கூட்டமாகக் கண்டது. அப்படியானால் தொலைபேசியே இல்லாமல் வீதியோரத்தில் நடக்கும் மனிதக் கூட்டத்தை அது எப்படிக் காணும்? வேலிக்கரையோரம் வெண்முக்காட்டோடு பூசைக்கு நடந்து போகிற பாட்டி அதன் கணக்கில் இல்லை. படலைக்கு வெளியே பந்தெடுக்க ஓடிவரும் சிறுவன் இல்லை. கைப்பிள்ளையோடு வீதியைக் கடக்கும் தாயும் இல்லை.

இது வெறும் கற்பனைப் பயமன்று. அமெரிக்காவில் நியூ ஜேர்சி மாநிலத்தில் லியோனியா என்றொரு சிற்றூர் உண்டு. ஏறக்குறைய 9,000 பேர் வாழும் இடம். நியூ யோர்க்குக்குள் நுழைகின்ற ஜோர்ஜ் வாஷிங்டன் பாலத்துக்கு அண்மையில் அது இருக்கிறது. பாலத்துக்குச் செல்லும் பெருவீதியில் நெரிசல் ஏற்பட்ட போதெல்லாம் வழிகாட்டும் கருவிகள் சாரதிகளை அவ்வூரின் சிறு தெருக்களுக்குள் திருப்பிவிட்டன. ஊரவர்கள் காலையில் தம் காரைத் தம் வீட்டு வாசலிலிருந்து வெளியே எடுக்க முடியாமல் நின்றார்கள். தீயணைப்பு வண்டியோ நோயாளர் வண்டியோ வந்தால் எப்படி உட்புகும் என்று அதிகாரிகள் அஞ்சினார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டு 2018ஆம் ஆண்டு ஜனவரியில் ஏறக்குறைய 60 தெருக்களைக் காலை 6 மணி முதல் 10 வரையும் மாலை 4 முதல் 9 வரையும் வெளியூர்ச் சாரதிகளுக்கு மூடிவிட்டார்கள். மீறினால் 200 டொலர் அபராதம். ஊரவரின் கார்களில் அடையாளத்துக்கு மஞ்சள் அட்டை தொங்கவிடப்பட்டது.

கதை அத்தோடு முடியவில்லை. வாடிக்கையாளர் வருவதற்கு அஞ்சுகிறார்கள் என்று ஊர்க் கடைக்காரர்கள் முறையிட்டார்கள். பொது வீதியை ஓர் ஊரார் தமக்கென்று வைத்துக்கொள்ளலாமா என்ற வழக்கு எழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நீதிமன்றம் அந்தச் சட்டங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. நமது அபிப்பிராயத்தில் இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. வீதி எல்லாருக்கும் பொது என்பது மெய். தெருவிலே குடியிருக்கிறவன் காற்றையும் அமைதியையும், பிள்ளையை வெளியே விடும் உரிமையையும் மற்றவருடைய அவசரத்துக்குப் பலியிடவேண்டியதில்லை என்பதும் மெய். இரண்டையும் நிறுத்துப் பார்க்க வேண்டியவர்கள் ஊராரும் நீதிபதியும் மட்டுமா? அந்தத் தெருவுக்குள் முதன்முதலில் திரும்பிய சாரதியும் அல்லவா நிறுத்துப் பார்த்திருக்க வேண்டும்! அவரைக் கேட்டால், கருவி திரும்பச் சொன்னது, திரும்பினேன் என்பார். நம் முதற் தந்தையும் தாயும் பழியை மற்றவர்மேல் போட்ட நாளிலிருந்து இந்தப் பதில் மாறவில்லை. பாம்புக்குப் பதிலாக இப்போது பேசும் திரை வந்திருக்கிறது.

சரி, அப்படித் திரும்பியதால் எல்லாருக்கும் நேரமாவது மிஞ்சுகிறதா? அதுவும் நிச்சயமில்லை. 1968இல் ஜெர்மன் கணித அறிஞர் டீட்ரிக் பிராயஸ் என்பவர் விசித்திரமான ஓர் உண்மையை நிறுவினார். ஒவ்வொரு சாரதியும் தனக்கு மிக விரைவான வழியையே தேர்ந்தெடுப்பானாகில், புதிதாக ஒரு குறுக்குவீதி திறந்து விடுவதனால் எல்லாருடைய பிரயாணமும் முன்னிருந்ததைவிட நீண்டுவிடவும் கூடும் என்பதே அது. குறுக்குவழி ஒவ்வொருவனையும் இழுக்கிறது. எல்லாரும் அங்கே போய் அடைபடுகிறார்கள். தனியே பழைய வழிக்குத் திரும்பினாலும் எவனுக்கும் ஆதாயமில்லை. அவரவர் தத்தமக்கு நல்லதைத் தேடினால் ஊருக்கு நல்லது தானாக வந்து சேரும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கணக்கைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பொதுநலம் என்று திருச்சபை இடைவிடாது சொல்லிவருவது ஏதோ பக்தர்களின் மென்மையான பேச்சன்று என்பதற்குக் கணிதமே சாட்சி சொல்லுகிறது.

இனி எரிக்கோ வீதிக்குத் திரும்புவோம். அந்தக் குருவின் கையில் நமது கருவி இருந்திருந்தால் என்ன காட்டியிருக்கும்? கள்வர் கையில் அடிபட்டவன் ஓரத்தில் கிடக்கிறான்; அவன் அசைவதில்லை; அவனிடமிருந்த எல்லாவற்றையும் பறித்துவிட்டார்கள். திரையில் அவன் இல்லை. வீதி முழுவதும் பச்சைக் கோடு. நெரிசல் எதுவுமில்லை, குறித்த நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்று கருவி சொல்லியிருக்கும். அது பொய்யுமன்று! பிறகு சமாரியன் வருகிறான். நிற்கிறான், இறங்குகிறான், காயங்களில் எண்ணெயும் இரசமும் வார்த்துக் கட்டுகிறான், தன் மிருகத்தின் மேல் அவனை ஏற்றிவிட்டுத் தான் நடக்கிறான். கருவியின் கண்ணுக்கு அந்த வீதியில் தெரிந்த ஒரே தாமதம் அந்தச் சமாரியன்தான். பின்னே வருகிறவர்களுக்கு, இவ்வழியில் ஒருவன் மெதுவாகப் போகிறான், வேறு வழியாற் செல்லுங்கள் என்று அது புத்தி சொல்லியிருக்கும்.

வேலைக்குப் போகிற தகப்பன்மார் இதை வாசித்துவிட்டு, சுவாமிக்கு என்ன தெரியும், எட்டரை மணிக்கு விரல் அடையாளம் வைக்காவிட்டால் சம்பளத்தில் வெட்டுகிறார்கள் என்று மனதுக்குள் சொல்வது நமக்குக் கேட்கிறது. அது நியாயமான முறைப்பாடு. விடியுமுன் எழுந்து பிள்ளைகளை ஆயத்தப்படுத்தி, ஒருவரைப் பாடசாலையிலும் மனைவியை இன்னொரு கந்தோரிலும் இறக்கிவிட்டுத் தன் வேலைக்கு ஓடுகிறவருக்கு ஐந்து நிமிடம் என்பது சிறு பொருளன்று. வாடகை முச்சக்கர வண்டி ஓட்டுகிறவருக்கு ஓட்டங்களின் எண்ணிக்கையிலேயே அடுப்பு எரிகிறது. பின்னே இருந்துகொண்டு "கெதியாய்ப் போங்கோ" என்று நெருக்குகிற பிரயாணிக்கும் அவருடைய அவசரத்தில் பங்குண்டு. நேரத்தைக் குற்றமாக்கிச் சம்பளத்தை வெட்டும் முதலாளிக்கும் பங்குண்டு. சாரதி ஒருவர் தலையில் முழுப் பாவத்தையும் சுமத்துவது நமது நோக்கமன்று.

நாம் கேட்பது இதுதான்: அந்த ஐந்து நிமிடத்தை யாரிடமிருந்து எடுக்கிறீர்கள்? படுக்கையிலிருந்து எடுத்தால் அது உங்களுடையது. ஒழுங்கைக்குள் வேகமாகப் புகுந்து எடுத்தால், அங்கே மதிலோரம் ஒதுங்கி நிற்கிற பாதசாரியிடமிருந்து எடுக்கிறீர்கள். நமது ஊர் ஒழுங்கைகளுக்கு நடைபாதை கிடையாது. மதிலும் மதகுமே எல்லை. பெருவீதிக்காக எழுதிய வேகத்தை அங்கே கொண்டு போகலாமா? கருவி ஒழுங்கையைக் காட்டினால் அதற்குள் போகவே கூடாது என்று சொல்லவில்லை. போனால் அங்கே குடியிருப்பவரின் வீட்டு முற்றத்தைக் கடப்பதுபோலப் போங்கள். பாடசாலை விடுகிற நேரமாயின், இரண்டு நிமிடம் கூடினாலும் பெருவீதியோடு நில்லுங்கள். போக வேண்டிய இடத்தைக் கார் புறப்படுமுன்னரே கருவியில் பதிந்து விடுங்கள். ஓடும்போது விரலால் தட்டிக்கொண்டிருப்பது சட்டத்துக்கும் மாறு, ஐந்தாம் கட்டளைக்கும் மாறு. பக்கத்தில் மனைவி இருந்தால் அவர் கையில் அதைக் கொடுத்து விடலாமே! வழி தவறியதற்காக வீட்டில் நடக்கும் சண்டை வேறு விடயம். அதை இங்கே எழுதப் புகுந்தால் இடம் போதாது.

பின் ஆசனத்தில் இருக்கும் பிள்ளைகளையும் நினையுங்கள். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் நல்ல சமாரியன் கதையை அவர்கள் ஒப்புவிப்பார்கள். திங்கள் காலையில் மஞ்சட் கடவையில் காத்துநிற்கும் வயோதிபருக்கு முன்னால் அப்பா காரை நிறுத்துகிறாரா, ஹோர்ன் அடித்துக்கொண்டு போகிறாரா என்பதையும் அவர்கள் பார்க்கிறார்கள். எந்தப் பாடம் மனதில் நிற்குமென்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

குடிபெயர்ந்தோர், பயணிகள் ஆகியோரின் ஆன்ம நலனுக்காக வத்திக்கானில் அக்காலத்தில் இயங்கிய திருச்சபை மன்றம் 2007ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வீதிப் பயணம் பற்றி ஒரு வழிகாட்டி ஏட்டை வெளியிட்டது. அதில் சாரதிகளுக்கென்றே பத்துக் கட்டளைகள் வகுக்கப்பட்டிருந்தன. பத்திரிகைகள் அதை வேடிக்கைச் செய்திபோலப் பிரசுரித்தன. கட்டளைகளோ வேடிக்கையல்ல. கொலை செய்யாதிருப்பதே அவற்றில் முதலாவது. வீதி மனிதரை ஒன்று சேர்க்க வேண்டுமேயன்றி அவர்களுக்கு ஊறு செய்யக்கூடாது என்பது இரண்டாவது. மற்றவருக்காகப் பொறுப்புணர்வு கொள்வது கடைசி. பிரயாணம் தொடங்குமுன் சிலுவை அடையாளம் வரைவதையும், வழியில் செபமாலை சொல்வதையும் அந்த ஏடு பாராட்டுகிறது. செபமாலையின் அமைதியான தாளம் சாரதியின் கவனத்தைக் கலைப்பதில்லை என்று காரணமும் சொல்லுகிறது. நம் குடும்பங்கள் மடு யாத்திரைக்குப் போகும்போது செய்வதைத் தினசரி வேலைப் பயணத்திலும் செய்தாலென்ன? நெரிசலில் அகப்பட்டு நிற்கிற இருபது நிமிடத்தில் ஐந்து தேவரகசியங்களும் முடிந்துவிடும். முன்காரின் சாரதியை ஏசுவதற்குச் செலவாகும் மூச்சும் மிச்சம்.

புது வாகனம் வாங்கினால் அதைக் கோவில் வளவுக்குக் கொண்டுவந்து மந்திரிக்கக் கேட்பது நம்மவர் வழக்கம். நல்ல வழக்கம்தான். 1984இல் உரோமையில் வெளியான ஆசீர்வாதங்களின் நூலில் வாகனத்தை ஆசீர்வதிக்கும் செபமும் இருக்கிறது. அதில், இவ்வாகனத்தில் செல்வோர் பத்திரமாகப் போய்வர வேண்டுமென்று ஒரு மன்றாட்டு. அவர்கள் பிறருடைய பாதுகாப்பிலும் கவனமாயிருக்க வேண்டுமென்று அதை ஒட்டியே மற்றொரு மன்றாட்டு. முதலாவதற்கு வீட்டார் எல்லாரும் தலை குனிந்து நிற்பார்கள். இரண்டாவது வருவதற்குள் பிள்ளைகள் பின்கதவைத் திறந்து விடுவார்கள். வீட்டுக்காரர் சாவியைத் தேடுவார். யாரோ படம் எடுக்கக் கூப்பிடுவார்கள். அடுத்த முறை அந்த வரியைச் சற்று மெதுவாகவும் உரத்தும் வாசிக்கும்படி குருவானவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவரும் சந்தோஷமாகச் செய்வார்.